குமிழி எண்ணும் சம்பந்தி

வலது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக ஏறிக்கொண்டிருந்தது. இடது உள்ளங்கை, வந்து நின்றவர்களை நோக்கி விரிந்திருந்தது: இருங்க. கண் மட்டும் அசையவில்லை. சுவரில் மாட்டிய கண்ணாடி ஜாடிக்குள், தண்ணீரில் முக்கியிருந்த வளைந்த குழாயின் நுனியில் ஒரு குமிழி வந்தது, உடைந்தது. அடுத்தது வந்தது, உடைந்தது. வந்து நின்றவர்களில் ஒருவர் அந்த ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரி. இன்னொருவர், அன்று காலைதான் வேலையில் சேர்ந்த ஆய்வகப் பெண். அதிகாரி இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தார். உள்ளங்கை இறங்கவில்லை. முழுதாக ஒரு நிமிடம் கழித்து, "நாப்பத்தி ஒண்ணு. நல்லா இருக்காங்க," என்று திரும்பினார் தொட்டிக்காரர்.

"யாரு நல்லா இருக்காங்க?" என்றார் ஆய்வகப் பெண்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க."

தொழிற்சாலையின் முன்பக்கத்தில் ஆள் உயரக் கரடி பொம்மை ஒன்று கையில் கூம்பு ஐஸ்கிரீமோடு நிற்கும். குழந்தைகள் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பின்பக்கத்தில் இந்த மனிதரும் மூன்று லட்சம் லிட்டர் தொட்டியும். இவர்களோடு யாரும் படம் எடுத்துக்கொண்டதில்லை. சிந்திய பால், வழிந்த சர்க்கரைப் பாகு, எந்திரம் கழுவிய தண்ணீர், தரை கழுவிய தண்ணீர் எல்லாம் பூமிக்கடியில் சாக்கடையாக ஓடி வந்து இந்தத் தொட்டிக்குள் விழும். மேலே காற்றுப் புகாத இரும்பு மூடி. உள்ளே, மூச்சுக் காற்றே வேண்டாத நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைத் தின்று எரிவாயுவை விடுகின்றன. அந்த வாயுவின் ஒரு சிறு கிளைதான் ஜாடிக்குள் குமிழியாக வந்து போவது. தொழிற்சாலை வாசலில் நாடித்துடிப்பு பார்க்க டாக்டர் இருக்கிறார். தொட்டிக்கு இவர்.

சம்பந்தி என்ற பெயர் வந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் தொட்டி கட்டி முடித்தபோது உள்ளே வெறும் தண்ணீர். நுண்ணுயிர் வானத்திலிருந்து குதிக்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியின் அடிச்சேற்றைக் கொண்டுவந்து விதை போட வேண்டும். இரண்டு டேங்கர் லாரிகளில் கறுப்புச் சேறு வந்தது. வாசலிலேயே லாரியை மறித்தார் இவர்.

"மெதுவா ஓட்டுங்கண்ணே, குலுக்காதீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க உள்ள இருக்காங்க."

டிரைவர் இறங்கி லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள சேறுதானய்யா இருக்கு?" என்றாராம்.

"நமக்குச் சேறு. அவங்களுக்கு ஊரு."

அன்றிலிருந்து மேலாளர் முதல் காவலாளி வரை அவரை அழைப்பது சம்பந்தி என்றுதான். சம்பளப் பட்டியலில் மட்டும் வேறு பெயர் இருக்கிறது. அதுவும் 'தற்காலிகப் பணியாளர்' என்ற தலைப்புக்குக் கீழே.

தொட்டிக்குள் இரண்டு குடும்பம் குடித்தனம் நடத்துகிறது என்பது சம்பந்தியின் கணக்கு. ஒன்று மாப்பிள்ளை வீட்டார். பால், சர்க்கரை, கொழுப்பு என்று எது வந்தாலும் விடமாட்டார்கள். அள்ளிப்போட்டுக்கொண்டு அமிலமாகக் கக்கி வைப்பார்கள். சில மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும். இன்னொன்று பெண் வீட்டார். மாப்பிள்ளை வீட்டார் கக்கிய புளிப்பை ஓசையில்லாமல் எடுத்துச் சாப்பிட்டு, எரிகிற வாயுவாக மாற்றுகிறவர்கள் இவர்கள்தான். இவர்களில் ஒன்று இரண்டாக நாள்கணக்கில் ஆகும். சூடு ஏறினாலும் ஆகாது, இறங்கினாலும் ஆகாது. காற்றுப் பட்டால் உயிரே போய்விடும். திடீரென்று நிறையச் சாப்பாட்டைக் கொட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

"பொண்ணு வீடு கோவிச்சுக்கிட்டா?" என்று கேட்டார் ஆய்வகப் பெண்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரன் நிறுத்துவானா மேடம்? அவன் பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருப்பான். எச்சில் தட்டு எடுக்க ஆளில்ல. புளிப்பு ஏறிக்கிட்டே போகும். கடைசில அவன் போட்ட புளிப்புலயே அவனும் விழுவான். ஆனா முதல்ல போறது பொண்ணு வீடு. எங்கதான் அப்படி இல்ல?"

ஆய்வகப் பெண் பட்டம் வாங்கியவர். அவர் வீட்டில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. வாயில் நுழையாத பெயர்களும் சமன்பாடுகளுமாக நான்கு வருடம் விழுந்து விழுந்து படித்தது இதைத்தான். அந்த ஆள் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை என்பதை அவரால் லேசில் மன்னிக்க முடியவில்லை.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"எட்டாவது பெயில் மேடம். மூணு தங்கச்சி. மூணு பேரையும் கட்டிக் குடுத்தவன் நான்தான்."

புளிப்புப் பார்க்கும் காகிதச் சுருள் ஒன்று சம்பந்தியின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். தொட்டித் தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும்; ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண், எண் இறங்க இறங்கப் புளிப்பு அதிகம். ஏழு என்ற எண்ணை ஒட்டி இருந்தால் சௌக்கியம், ஆறுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. பழக்கம் முற்றிப்போய் இப்போது கண்ணில் படுவதையெல்லாம் முக்கிப் பார்க்கிறார். கேன்டீன் டீயில் முக்குவார். பக்கத்தில் சாப்பிடுகிறவரின் குழம்பில் முக்குவார். "நாக்குன்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கான் ஆண்டவன்?" என்று வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். மனைவிக்கும் அவர் ஓர் எண் வைத்திருக்கிறார். வீட்டில் சண்டை என்றால் காலையில் தொட்டி மேடையில் ஏறும்போதே, "இன்னிக்கு வீட்ல அஞ்சரை மேடம்," என்பார். சமாதானமானால் ஏழு. ஏழுக்கு மேலே போனதாக இதுவரை தகவல் இல்லை.

நிர்வாக அதிகாரி சுற்றறிக்கையால் ஆன மனிதர். தொட்டியைப் பற்றி ஆண்டு அறிக்கையில் ஒரு பக்கம் எழுத வேண்டி வந்தபோது நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

"உள்ள எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

"எண்ண முடியாது சார். ஒரு சொட்டுலயே கோடிக்கணக்குல இருப்பாங்க."

"ஷிப்டு?"

"ஷிப்டெல்லாம் கிடையாது சார். ராத்திரி பகலா ஓடும்."

"ஓவர்டைம்?"

"கேட்டதே இல்ல."

"லீவு?"

"நாமளா சாப்பாட்டை நிறுத்தினாத்தான்."

அதிகாரி முதன்முறையாகத் தொட்டியை மரியாதையோடு பார்த்தார். "எல்லாரும் இப்படி இருந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும்! பர்மனென்ட் பண்ணச் சொல்லிக்கூடக் கேக்கல, பாருங்க."

"அவங்க கேக்கல சார். நான்தான் கேக்கறேன்."

பதினோரு வருடமாகக் கேட்கிறார். நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் உண்டு. தொழிற்சாலை மதிலை ஒட்டி, இரண்டு அறை, சமையலறைக்குள்ளேயே குழாய். ஏழாம் எண் வீடு காலியாகக் கிடந்தது. சம்பந்தியின் மனைவி தையல்காரி. ஒரு நாள் காவலாளியிடம் சாவி வாங்கி உள்ளே போனவர், கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து ஜன்னலை அளந்துகொண்டு வந்துவிட்டார். பூப்போட்ட திரை தைத்து மடித்து அலமாரியில் வைத்தாகிவிட்டது. ஜன்னல்தான் இன்னும் வரவில்லை.

அந்த ஜன்னல் வருவதற்கும் ஒரு தேதி குறிக்கப்பட்டது. தொட்டி வாயுவில் எரியும் புது அடுப்பு கேன்டீனில் வைக்கப்பட்டிருந்தது. சேர்மன் நேரில் வந்து வெள்ளிக்கிழமை அதைப் பற்றவைப்பார். அந்த மேடையிலேயே சம்பந்திக்கு நிரந்தர ஆணையைக் கொடுப்பார்.

அதிகாரிக்கு ஒரே கவலை, நாற்றம். சேர்மனின் மூக்கு எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. திங்கள்கிழமை சுற்றறிக்கை பறந்தது: வளாகம் முழுவதும் துர்நாற்றமற்ற சூழல். எலுமிச்சை மணக்கும் கிருமிநாசினி, இருபது லிட்டர் கேன், இருபத்திரண்டு வந்து இறங்கியது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று கலந்தால் ஒரு வருடத்துக்குத் தாராளமாக வரும். ஆனால் சுற்றறிக்கையின் நான்காம் பத்தி வேறு மாதிரி நினைத்தது. வேலை நடந்ததற்குச் சான்றாக, காலி கேன்கள் அனைத்தையும் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். கேன் நிறைந்திருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். துப்புரவுப் பணியாளர்கள் விவரமானவர்கள். புதன்கிழமை நான்கு மணிக்குப் பதினேழு கேன் நிறைய இருந்தது. நாலே முக்காலுக்கு இருபத்திரண்டும் காலி. எங்கே ஊற்றினீர்கள் என்று படிவத்தில் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை சம்பந்தி தொட்டி மேடையில் ஏறும்போதே மூக்கைச் சுளித்தார். தொட்டிக்குள் போகுமுன் கழிவு வந்து சேரும் குழியில் வழக்கமான நாற்றம் இல்லை. வயிற்றைப் புரட்டும் அந்த நாற்றம்தான் அவருக்கு 'எல்லோரும் நலம்' என்ற கடிதம். இன்று எலுமிச்சை மணந்தது. ஓடிப்போய் ஜாடியைப் பார்த்தார். கட்டைவிரல் ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றில் பாதியிலேயே நின்றது. பத்தொன்பது. தொட்டிக்குள் போகும் வால்வை இறுக்கி மூடினார்.

அரை மணி நேரத்தில் அதிகாரி வந்துவிட்டார். வால்வு மூடியே இருந்தால் மத்தியானத்துக்குள் குழி நிரம்பி, சாக்கடை எதிர்த்து ஏறி முன்பக்கச் சாலையில் வழியும். அது சேர்மனின் கார் வரும் சாலை.

"தொறங்க சம்பந்தி."

"சார், இது கிருமிநாசினி."

"ஆமா. கிருமியைத்தான் கொல்லும்."

"உள்ள இருக்கறதும் கிருமிதான் சார்."

"அது நல்ல கிருமி." அதிகாரி காலி கேன் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "இங்க என்ன போட்டிருக்கு, படிங்க. தீய கிருமிகளை அழிக்கும். தீய. நல்லதை ஒண்ணும் பண்ணாது."

அச்சில் இருப்பதை மறுத்துப் பேச சம்பந்தியிடம் அச்சில் எதுவும் இல்லை. கால்வாசி திறந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

மாலைக்குள் பன்னிரண்டு குமிழி. காகிதம் ஆறுக்குக் கீழே காட்டியது. ஆய்வகப் பெண் தன் கருவிகளில் ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்துப் பார்த்து, எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மேடைக்கே வந்தார். சம்பந்தி சீட்டைப் பார்க்கவில்லை. சினை மாட்டின் வயிற்றில் கை வைப்பது போல இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"பொண்ணு வீடு படுத்துருச்சு மேடம். மாப்பிள்ளை வீட்ல ஒரு சிலது தப்பிச்சு இன்னும் தின்னுக்கிட்டு இருக்கு."

"இப்ப என்ன பண்ணணும்?"

"சாப்பாட்டை நிறுத்தணும். புளிப்பு எறங்கச் சோடா உப்பு போடணும். அப்புறம் சும்மா இருக்கணும். இங்க யாருக்கும் வராதது அந்தக் கடைசி வேலைதான்."

அதிகாரிக்கு அது வரவே வராது. அன்று சாயங்காலமே கேன்டீன் சுவருக்குப் பின்னால் ஒரு சமையல் சிலிண்டர் வந்து உட்கார்ந்தது. தொட்டியிலிருந்து அடுப்புக்குப் போகும் குழாயில், வால்வைத் தாண்டி, சிலிண்டரின் குழாயை நுழைத்தார்கள். தொட்டி வாயுவுக்கென்று வந்த பெரிய ஓட்டை பர்னரைக் கழற்றிவிட்டு, சாதாரண பர்னரை மாட்டினார்கள்.

"பத்தே நிமிஷம் சம்பந்தி," என்றார் அதிகாரி, தோளில் கை போட்டு. "சேர்மன் பத்த வெப்பாரு. கைதட்டுவாங்க. உங்க கையில ஆர்டரைக் குடுப்பாரு. கெளம்பிப் போயிடுவாரு. நீங்க அப்புறம் நிதானமா உங்க சொந்தக்காரங்களுக்கு வைத்தியம் பாருங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

சம்பந்தி யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார். அவர் சட்டையை இஸ்திரி போட்டபடியே கேட்டுக்கொண்டார்.

"பதினோரு வருஷம் வாயத் தொறந்து கேட்டீங்க, கெடைக்கல. பத்து நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருங்க, கெடைச்சுரும். அப்புறம் இன்னொண்ணு. அந்தக் காயிதத்தைச் சேர்மன் டீயில முக்கித் தொலைக்காதீங்க."

வெள்ளிக்கிழமை சேர்மன் வந்தார். வளாகமே எலுமிச்சைத் தோப்பாக மணந்தது. அவர் நீண்ட குச்சியால் அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக, நெடுநெடுவென்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தியும் தட்டினார். உறை கைக்கு வந்தது. அதற்குள் இருந்த காகிதத்தின் கனம், ஒரு ஜன்னலின் கனம். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

சேர்மன் கிளம்பாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தோஷம் தாளவில்லை. "சாக்கடையிலேருந்து இவ்வளவு கேஸா! அப்ப ஏன் கொஞ்சமாப் போடறீங்க? புது யூனிட்டோட கழிவு மொத்தத்தையும் இந்தத் தொட்டிக்கே திருப்பி விடுங்க. ரெட்டிப்பாகட்டும். நாளைக்கே."

"நாளைக்கு எதுக்கு சார், இன்னிக்கே பண்ணிடலாம்," என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

சம்பந்தியின் வாய் தானாகத் திறந்தது. "இப்ப வேணாம் சார். உடம்பு சரியில்ல."

"உங்களுக்கா?"

"சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு."

சேர்மன் அதிகாரியைப் பார்த்தார். "குடும்ப விஷயம் சார்," என்றார் அதிகாரி தாழ்ந்த குரலில்.

சம்பந்தி பேச்சை விட்டுவிட்டு நேரே குழாயிடம் போனார். தொட்டி வாயு வரும் வால்வைப் பிடித்து, எல்லோரும் பார்க்க, கடைசிச் சுற்று வரை மூடினார். பிறகு அடுப்பைக் கைகாட்டினார். தீ அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்?

"பிரமாதம்!" என்றார் சேர்மன். "வால்வை மூடியும் எரியுது பாருங்க! என்ன அழுத்தம், என்ன அழுத்தம்!" இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

சம்பந்தி ஒரு கணம் கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு அதை ஆய்வகப் பெண்ணிடம் கொடுத்தார். "கொஞ்சம் பிடிங்க மேடம், நனையாம." சுவருக்குப் பின்னால் போனார். கிரீச்சென்று ஏதோ திருகும் ஓசை. அடுப்பில் தீ குட்டையாகி, நீலப் பொட்டாகி, அணைந்தது. சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த சம்பந்தி, சேர்மனின் பளபளக்கும் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, டங்கென்று இறக்கி வைத்தார்.

"இது இல்லாம எரியணும் சார். அதுக்கு நூறு நாள் ஆகும். இன்னிக்கு ரெட்டிப்பாக் கொட்டினீங்கன்னா அந்த நூறு நாள் வரவே வராது."

சேர்மன் சிலிண்டரைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். "இந்த எலுமிச்சை வாசனை எங்கேருந்து வருது?"

"நம்ம தூய்மை இயக்கம் சார்."

"வாசனை நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஆனால் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "புது யூனிட் விஷயம் இப்போதைக்கு வேணாம்," என்றார். தொட்டிக்குக் கிடைத்த பிழைப்பு அந்த ஒரு வாக்கியம். அதிகாரி ஆய்வகப் பெண்ணிடம் வந்து, "தேதி ஒண்ணு திருத்தணும்," என்று உறையை வாங்கிக்கொண்டார். திருத்துவதற்குக் கடினமான தேதி போலும்.

சம்பந்தியின் மனைவி நான்கு நாள் பேசவில்லை. "வீட்ல நாலு மேடம்," என்றார் சம்பந்தி. "நாலுல எதுவும் பொழைக்காது." ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனபோது, வாடகை அறையின் ஒற்றை ஜன்னலில் பூப்போட்ட திரை தொங்கியது. ஜன்னல் சின்னது, திரை பெரிது; பாதிச் சுவரையும் மூடிக்கொண்டு நின்றது. மனைவி தையல் எந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எத்தனை வந்துச்சு இன்னிக்கு?"

"மூணு."

"நேத்து?"

"ரெண்டு."

"அப்ப சாப்பிடுங்க."

தொட்டியும் அப்படித்தான் எழுந்தது. சோடா உப்பு போட்டார். பழைய இடத்திலிருந்தே இன்னொரு லாரிச் சேறு வந்தது; குலுக்காமல் வந்தது. முதல் வாரம் பட்டினி, பிறகு நாளுக்கு இரண்டு வாளி, பிறகு நான்கு என்று குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டினார். மீதிக் கழிவையெல்லாம் டேங்கர் வைத்து வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. தொண்ணூற்று நான்காம் நாள், பெரிய ஓட்டை பர்னரில், மேடையும் கைதட்டலும் இல்லாமல், தாழ்வாக ஒரு நீலத் தீ பற்றியது. அதில் முதலில் கொதித்தது டீ. சம்பந்தி அதில் காகிதத்தை முக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது: தூய்மை இயக்கத்தின் பலனாகத் தொட்டி சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது.

இப்போது பன்னிரண்டாவது வருடம். அவர் இன்னும் தற்காலிகப் பணியாளர்தான். அதே வாடகை அறை, அதே தொட்டி மேடை. ஏழாம் எண் வீட்டில் கிருமிநாசினி கேன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதிகாரி ஒரு படிவத்தோடு மேடை ஏறி வந்தார். நிரந்தரத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். அன்று ஐந்து மணிதான் கடைசி நேரம். மணி நாலு ஐம்பத்தெட்டு.

"சம்பந்தி, ஒரே ஒரு கையெழுத்து. சீக்கிரம்."

ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வலது கையில் கட்டைவிரல் மோதிர விரலின் நடுக்கணுவில் இருந்தது.